மணலில் காற்று வரையும் வரிகள்

கோலார் தங்கவயலில் 'சயனைடு மலை' எனப்படும் மேடுகள் உள்ளன. இவை இயற்கை மலைகள் அல்ல. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்த் தொழிலாளர் பலர் ஆழ்சுரங்கத்தில் வெட்டிய பாறையைத் தூளாக்கி, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மணலே இவை. 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது, மேடுகள் நிலைத்தன.

உலர்ந்த மணற்பரப்பில் காற்று வீசும்போது அலை போன்ற வரிகள் தோன்றும். காற்று மணிகளைத் தூக்குகிறது. அவை தாழ்வாகத் தாவி விழுந்து, பிற மணிகளை மோதித் தள்ளுகின்றன. சிறு புடைப்பு ஒன்று இருப்பின், காற்றை நோக்கிய பக்கத்தில் மோதல் மிகுதி. அங்குள்ள மணிகள் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் சரிகின்றன. இவ்வாறு வரி வளர்ந்து, காற்று செல்லும் திசையில் மெல்ல நகர்கிறது. வரிகள் காற்றின் திசைக்குக் குறுக்காகவே அமையும்.

தாவும் மணிகள் நுண்துகள்களையும் எழுப்பிவிடுகின்றன. மணி விரைவில் தரையில் விழும்; துகளோ காற்றில் மிதந்து குடியிருப்புகளை அடைந்து, மூச்சுக்குத் தீங்கு செய்யும். எனவே மணியின் தாவலைத் தடுத்தால் தூசியும் குறையும். ஈரம் மணிகளை ஒட்டவைக்கும். ஆனால் வெயிலில் உலர்ந்துவிடும். புல்லும் புதரும் காற்றின் வேகத்தைத் தணிக்கும். அவற்றின் வேர்கள் மணலைப் பற்றிக்கொள்ளும். நிலையான காவல் அதுவே.

பயிற்சி

1. சயனைடு மலை எவ்வாறு உருவாயிற்று?
2. மணல் வரி நகர்வது எப்படி?
3. தூசியைத் தடுக்கச் செடிகள் எவ்வாறு உதவும்?