நடு மொட்டை முதலில் தேர்ந்தெடு

அன்புத் தம்பிக்கு,

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. கிளாடியோலஸ் இதழ்களைக் கழற்றி அடுக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரே பூவாக்கியிருக்கிறாய். மேல்நாட்டுப் பூக்கடைகளில் ‘கிளாமீலியா’ என்று செய்வார்களே, அதே வேலை. நம் கல்யாண மேடைகளுக்கும் இது வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளி இதழ்கள் அழகாக வந்திருக்கின்றன. நடுதான் பொய்யாகத் தெரிகிறது. இதழைச் சுருட்டி மொட்டு மாதிரி வைத்திருக்கிறாய். அங்கே நிஜ மொட்டே இருக்க வேண்டும். கிளாடியோலஸ் தண்டைப் பார்: அடிப்பூதான் முதலில் விரியும், நுனியில் மொட்டு, இடையில் பாதி விரிந்தவை. உனக்கு வேண்டிய எல்லாப் பருவமும் ஒரே தண்டில் இருக்கிறது. நிறம் காட்டத் தொடங்கிய மொட்டை நடுவில் வை. அதைச் சுற்றிப் பாதி விரிந்த பூவின் இதழ், அதற்கும் வெளியே முழுதாக மலர்ந்ததன் இதழ். ஒவ்வோர் இதழும் முந்தைய வரிசையில் இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள சந்தில் உட்கார வேண்டும். உள்வரிசை நிமிர்ந்தும் வெளிவரிசை சாய்ந்தும் இருக்கட்டும். மெல்லிய கம்பியை இதழின் அடியில் மட்டும் தையல் போல ஓட்டு. சூடான பசைத் துப்பாக்கியைத் தொடாதே, இதழ் கருகிவிடும். கம்பி தெரியாமல் பின்பக்கம் இலை வைத்து மூடு.

அடுத்தது நேரம். தண்டை விட்டுப் பிரிந்த இதழுக்குத் தண்ணீர் ஏறாது. இருக்கிற ஈரத்தை இழந்துகொண்டேதான் இருக்கும். மார்கழியில் தாங்குவது கத்திரி வெயிலில் தாங்காது. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு கட்டி, ஈரத்துணி போர்த்திக் குளிர்ச்சியில் வை. விரல் சூடும் இதழைப் பழுப்பாக்கும். கையைக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொண்டு தொடு.

கிளாடியோலஸோடு நின்றுவிடாதே என்பதுதான் உன்னிடம் நான் முக்கியமாகக் கேட்பது. பன்னீர் ரோஜா இதற்கு ஆகாது, மணம் உண்டு, இதழ் நிற்காது. தாமரையை எடுத்துக்கொள், நம் குளங்களில் பூப்பது. பறித்த தாமரை மொட்டு பெரும்பாலும் தானாக விரிவதில்லை, அதனால்தான் பூக்காரர்கள் இதழை உள்ளே மடித்து விடுகிறார்கள். அந்த மடிப்பு தெரிந்தவனுக்கு இப்படி இதழ் அடுக்கிக் கட்டும் பூ பாதி கைவந்த மாதிரி. தோவாளைக்கு ஒருமுறை போய் மாணிக்க மாலை கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டியே கல் பதித்த தோற்றம் கொண்டுவருகிறார்கள். அந்த மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேல்நாட்டு வேலைக்கு நிகரான நுணுக்கம் நம் கையிலேயே இருக்கிறது, தம்பி. அதைப் பாராமல் வெளியே மட்டும் தேடினால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: அரளிப் பால் விஷம். கட்டி முடித்ததும் கையை நன்றாகக் கழுவு. குழந்தைகள் கையில் சேரும் பூவுக்கும் பந்தி மேஜைக்கும் அரளி வேண்டாம்.

கூலியைப் பூவின் எடைக்குக் கேட்காதே. ஒரு பூவுக்கு இத்தனை மணி நேரம் ஆகிறது என்று சொல்லி, அதற்குக் கேள்.

வருகிற முகூர்த்தத்துக்கு முன் தாமரை இதழில் ஒன்று கட்டிப் பார். கட்டி முடித்ததும், மறுநாள் காலையிலும், உச்சி வெயிலிலும் படம் எடுத்து அனுப்பு. எந்த வரிசை முதலில் வாடுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்