எண்பதாவது பிறந்தநாளும் பேசப்படாத வார்த்தையும்

பிறந்தநாள் விழா நம்மவர் வாழ்வில் பிந்தி வந்து சேர்ந்த ஒன்று. நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் தாம் பிறந்த தேதியை ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டனர். இன்றோ ஐம்பது, அறுபது, எழுபத்தைந்து, எண்பது என்று ஒவ்வொரு படியும் ஒரு விழாவாகிவிட்டது. நன்றித் திருப்பலி, மண்டபம், விருந்து, பத்திரிகையில் படத்துடன் வாழ்த்து. அதன் கீழே கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்ற நாடுகளின் பெயர்களோடு பிள்ளைகளின் பெயர்கள். இதில் குறைகூற எதுவுமில்லை. நீண்ட ஆயுள் இறைவனின் கொடை. கொடைக்கு நன்றி கூறுவது தகும். ஆனால் அந்தப் பெயர் வரிசையில் ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டிருக்கும் வீடுகள் உண்டு. பெயர் அச்சாகியிருந்தும் தகப்பனுக்கும் பிள்ளைக்குமிடையே பேச்சுப் பறைச்சல் இல்லாத வீடுகளும் உண்டு. அத்தகைய வீட்டில் எண்பதாவது பிறந்தநாள் வருகின்றபோது செய்யவேண்டியது என்ன என்பதே நாம் இங்கு சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

நம் முன்னோர் ஆண்டுகளை அறுபது அறுபதாக எண்ணினர். 1966 சித்திரையில் தொடங்கிய பராபவ வருடத்தில் பிறந்தவருக்கு, 2026 சித்திரையில் அதே பெயருள்ள ஆண்டு மீண்டும் பிறக்கிறது. வட்டம் ஒன்று நிறைவாயிற்று என்பதே அறுபதுக்கு நாம் கொடுத்த சிறப்பு. இஸ்ராயேல் மக்களோ ஏழு ஏழாக எண்ணினர். ஏழு தடவை ஏழாண்டுகள் கழிய, ஐம்பதாவது ஆண்டு அவர்களுக்கு யூபிலி ஆண்டு. விற்ற காணி பழைய உரிமையாளனுக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்தாரிடம் போவான். லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் உள்ள இவற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எனினும் அங்கே ஒரு சிறு விபரம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. யூபிலியை அறிவிக்கும் எக்காளத்தை எந்த நாளிலும் ஊதிவிட முடியாது. ஏழாம் மாதம் பத்தாம் நாளாகிய பாவப் பரிகார நாளிலேயே அதை ஊதவேண்டும் என்பது கட்டளை. பரிகாரத்தோடு சேர்ந்தே எக்காளம் ஒலித்தது.

நம் வீடுகளில் எக்காளம் முதலில் ஊதப்படுகிறது. “எல்லாரும் ஒருக்கால் ஒன்றாய்க் கூடினால் தன்பாட்டில் சரிவரும்” என்கிறோம். அப்படிச் சரிவராத ஒரு வீட்டைச் சாமுவேல் இரண்டாம் நூல் நமக்குக் காட்டுகிறது.

அரசரின் வீடு

தாவீது அரசரின் மூத்த மகன் அம்னோன், தன் சகோதரி தாமாரைக் கெடுத்தான். அரசர் கடுங்கோபங் கொண்டார். ஆனால் ஒன்றுஞ் செய்யவில்லை. தாமாரின் உடன்பிறந்தவனான அப்சலோம் இரண்டு ஆண்டுகள் வாய்திறவாமல் இருந்தான். பின்பு ஒரு விருந்துக்கு அழைத்து அம்னோனைக் கொல்வித்தான். கெசூர் நாட்டு மன்னனான தன் தாய்வழிப் பாட்டனிடம் தப்பியோடி, அங்கே மூன்று ஆண்டுகள் தங்கினான். தகப்பனின் மனம் அவனுக்காக ஏங்கியது. அதை அறிந்த படைத்தலைவன் யோவாபு ஒரு தந்திரஞ் செய்து, மகனை யெருசலேமுக்கு அழைத்துவர உத்தரவு பெற்றான். ஆனால் மகன் தன் வீட்டுக்குப் போகலாம், தம் முகத்தில் விழிக்கக்கூடாது என்றார் அரசர். ஒரே நகரத்தில் முழுதாக இரண்டு ஆண்டுகள், தகப்பன் முகத்தைப் பாராமல் மகன் வாழ்ந்தான். யோவாபுக்கு இரண்டுமுறை ஆளனுப்பியும் அவன் வரவில்லை. அப்சலோம் அவனுடைய வாற்கோதுமை வயலுக்கே நெருப்பு வைத்தான். அதன் பிறகுதான் யோவாபு ஓடிவந்தான்!

கடைசியில் தகப்பனும் மகனும் சந்தித்தார்கள். 14ஆம் அதிகாரத்தின் இறுதி வசனத்தில் அச்சந்திப்பு உள்ளது. மகன் தரையில் முகம்படிய விழுந்து வணங்கினான். அரசர் அவனை முத்தமிட்டார். அவ்வளவுதான். இருவரும் பேசியதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. தாமாரின் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஏன் பேசாதிருந்தீர் என்று மகன் கேட்கவில்லை. ஏன் கொன்றாய் என்று தகப்பன் கேட்கவில்லை. அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே அப்சலோம் தேரும் குதிரைகளும் முன்னோடும் வீரரும் சேர்க்கிறான். கலகம் ஆரம்பமாகிவிட்டது. அக்கலகத்தில் அவன் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது வாயிலின் மேலறையில் தாவீது அழுதாரே, அன்று எத்தனை வார்த்தைகள் வந்தன! மகன் உயிரோடு எதிரே நின்றபோது அவற்றுள் ஒன்றாவது வந்திருக்கலாகாதா?

வணங்குவதும் முத்தமிடுவதும் விழாவில் நடக்கக்கூடியவை. மண்டபத்தில் படம் பிடிப்போர் முன்னிலையிலும் மகன் தகப்பனின் காலில் விழலாம். தகப்பன் கேக் துண்டொன்றை மகனின் வாயில் ஊட்டலாம். படம் அழகாகவே வரும்.

ஒரே நாள், இரண்டு நினைவுகள்

நம் வீடுகளில் கொலை நடக்கவில்லை. பிரிவுகள் பெரும்பாலும் வேறுவகையானவை. கலியாணத்துக்குச் சம்மதிக்காமை, சீதனக் காணியை ஒருவர் பெயருக்கு உறுதி முடித்தமை, மூத்தவனோடு ஒப்பிட்டு இளையவனைத் தாழ்த்திப் பேசினமை போன்றவை எந்நாட்டிலும் உண்டு. எமக்கேயுரிய இன்னொன்றும் உண்டு. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் அவசர அவசரமாக வெளிநாட்டுக்கு ஏற்றினர். காணியை ஈடுவைத்தவர்கள், தாலிக்கொடியை விற்றவர்கள் பலர். போன பிள்ளைகளுட் பலர் அகதி விண்ணப்பம் தீரும்வரை பயணஞ் செய்ய இயலாது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தனர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கடிதம் எழுதுவதற்கு வீட்டு விலாசமே இல்லாமற் போயிற்று. 2002இல் திறந்த ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. தாயின் செத்தவீட்டுக்கு வரமுடியாமற் போனவர்கள் எங்கள் ஒவ்வொரு பங்கிலும் இருப்பார்கள். வரமுடியவில்லை என்பது நாட்செல்ல, வர மனமில்லை என்று மாறிற்று. 2009க்குப் பின் பாதை திறந்தது; பேச்சுத் திறக்கவில்லை.

இத்தகைய ஒரு தகப்பனிடம் கேட்டால், “காணியை ஈடுவைத்து அவன்ரை உயிரைக் காப்பாற்றினன், நன்றியில்லாதவன்” என்பார். மகனிடம் கேட்டால், “மீசை அரும்பாத வயதிலை தெரியாத நாட்டுக்கு என்னை ஏத்திவிட்டார், பிறகு காசு கேக்கத்தான் காகிதம் போட்டார்” என்பான். இருவர் கூறுவதும் உண்மையே. விமானம் ஏறிய அந்த ஒரே நாள் தகப்பனுக்குத் தியாகமாகவும், மகனுக்குத் தள்ளிவிடப்பட்ட நாளாகவும் நினைவில் நிற்கிறது. யார் சொல்வது சரியென்று தீர்ப்பளிக்க எந்த நடுவராலும் முடியாது, தீர்ப்பு அவசியமுமில்லை. தன் நினைவுக்கு அப்பால் மற்றவனுக்கும் ஒரு நினைவு உண்டென்று ஒருதரம் முழுதாகக் கேட்பதே இங்கு பரிகாரம்.

இதற்கு விழா நாள் உகந்ததன்று. ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்னரே, தனியாக, ரெலிபோனிலாவது பேசவேண்டும். பேரப்பிள்ளைகளும் அயலவரும் சுற்றிநிற்க, திரையில் முகத்தைக் காட்டி, “அப்பாவோடை கதை, கதை” என்று நெருக்குவது பேச்சாகாது. மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீடுகளில் எளிதில் வாயில் வராது, வராவிட்டால் பரவாயில்லை. “தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பிழை” என்றோ, “அப்பா, அந்தக் காணியை நினைச்சு நீங்கள் பட்ட பாடு எனக்கு அப்ப விளங்கேல்லை” என்றோ கூறினாற் போதும். ஆனால் எதைக் குறித்துப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கவேண்டும். “ஏதேனும் பிழை விட்டிருந்தால்” என்று தொடங்கும் பேச்சு எதையும் ஒத்துக்கொள்ளாத பேச்சு.

யார் முந்துவது? இளையவனே வந்து பணியவேண்டும் என்பது எம்மவர் வழக்கம். லூக்கா 15ஆம் அதிகாரத்துத் தகப்பனோ, மகன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போனார். பெரியவர் முந்துவதே நன்று என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஆயினும் வயது எண்பதாகும்போது நினைவு தடுமாறத் தொடங்குவதும் உண்டு. தந்தையின் அறிவு குறைந்தாலும் பொறுமை காட்டும்படி சீராக் நூல் 3ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்குக் கூறுகிறது. பெயரையே மறந்துவிட்ட தகப்பனிடம் பழைய கணக்கைப் பேசமுடியாது. காலந்தாழ்த்தும் பிள்ளை இதையும் எண்ணவேண்டும்.

நடுவராக நிற்போருக்கும் ஒரு வார்த்தை. யோவாபு மகனை ஊருக்குக் கொண்டுவந்ததோடு தன் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டான். பயணச்சீட்டுக்கு ஒழுங்கு செய்துவிட்டு ஒதுங்கும் மாமாமாரும் பெரியம்மாமாரும் அதையே செய்கின்றனர். இன்னொன்று: அடி உதைக்கும் குடிவெறிக்கும் இலக்காகி, அதனால் விலகிப்போன பிள்ளையை, “அப்பாவுக்கு எண்பது வயது, இனியாவது மற” என்று விழாவைக் காட்டி நெருக்கலாகாது. தாமாரின் துயரைப் பேசாமல் மூடியதிலிருந்துதானே தாவீதின் வீட்டில் எல்லாம் தொடங்கிற்று.

பேச்சு நடந்துவிட்டால் விழா எப்படி அமைந்தாலும் நன்றே. அப்போது பெரியவரின் விருப்பத்தையும் கேட்கவேண்டும். அதே சாமுவேல் நூலில், 19ஆம் அதிகாரத்தில், எண்பது வயதான பர்சில்லாய் என்ற முதியவர் வருகிறார். அரசர் தம்மோடு யெருசலேமுக்கு வந்திருக்கும்படி அழைத்தபோது, உணவின் சுவையும் பாடகரின் குரலும் இனித் தமக்கு விளங்காதென்றும், பெற்றோரின் கல்லறை இருக்கும் ஊரிலேயே சாக விரும்புவதாகவும் கூறி, தமக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பிவைத்தார். ரொறன்ரோவில் மண்டபம் எடுத்துவிட்டுப் பெற்றோரைக் கூப்பிடும் பிள்ளைகள் இவ்வதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது பயன்தரும்.

கடைசியாக, வீட்டோடு நின்ற பிள்ளை. அநேகமாக அவள் ஒரு மகள். இடம்பெயர்ந்தபோது தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், இரவில் எழுந்து மருந்து கொடுப்பவள். வருடக்கணக்காகப் பேசாதிருந்த அண்ணன் வந்து இறங்கியதும் வீடு முழுவதும் அவனைச் சுற்றி நிற்கிறது. கேக் வெட்டும் நேரம் அவள் குசினியில் நிற்கிறாள். ஊதாரி மைந்தன் உவமையில் மூத்தவன் உள்ளே வர மறுத்தபோது, தகப்பன் விருந்தை விட்டு எழுந்து வெளியே போய் அவனோடு பேசினார். அவன் பிறகு உள்ளே வந்தானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை.