தாயம் எப்போது விழும்?

வைகை அணையிலிருந்து புறப்படும் நீர் மதுரையைக் கடந்து கீழடியின் அருகே ஓடுகிறது. அங்கே 2022-இல் நடந்த அகழாய்வில் தந்தத்தாலான செவ்வகப் பகடை ஒன்று கிடைத்தது. பகடையாட்டம் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. பகடை விழுவது அதிர்ஷ்டம்; காயை நகர்த்துவது அறிவு. அந்த அறிவுக்குக் கணிதம் எவ்வாறு துணை செய்கிறது என்று பார்ப்போம்.

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் 0, 1, 2, 3 புள்ளிகள் உள்ளன. எனவே அவை 4 × 4 = 16 விதங்களில் விழலாம். தாயம் (1) 2 விதம். 2 என்பது 3 விதம். 3 என்பது 4. 4 என்பது 3. 5 என்பது 2. 6 என்பது 1. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அதுவும் 1 விதமே. ஓர் உருட்டலின் சராசரி 60 ÷ 16 = 3.75.

விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று கொள்வோம். இதற்கான நிகழ்தகவு 6/16. ஆகவே ஒரு முறை கட்டை கைக்கு வந்தால் சராசரியாக 1.6 உருட்டல்கள் கிடைக்கும். 1.6 × 3.75 = 6 கட்டங்கள்!

ஆனால் காயை இறக்கத் தாயமே வேண்டும். அங்கே இந்தச் சராசரி உதவாது. 5, 6, 12 விழுந்தால் மீண்டும் உருட்டுகிறோம். முடிவு செய்பவை மீதி 12 விதங்கள்; அவற்றில் தாயம் 2. ஆகவே ஒரு முறையில் தாயம் விழும் நிகழ்தகவு 1/6. அப்படியானால் ஆறு முறைக்குள் நிச்சயம் விழுமா? விழாது. ஆறு முறையும் தவறுவதற்கான நிகழ்தகவு (5/6)⁶, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. "ஐந்து முறை விழவில்லை, இம்முறை விழுந்தே தீரும்" என்பதும் தவறு. கட்டைக்கு நினைவாற்றல் கிடையாது.

1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக ஆடுவர். அவரது உடல்வலிமையை மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை தீர்மானித்தது. 216 விதங்களில் 10 வருவது 27. 18 வருவது ஒன்றே ஒன்று. மாவீரர்கள் அரிதாவது இதனால்தான். ஆனால் வலிமை மிக்கவர் எல்லா வேலைக்கும் ஏற்றவர் அல்லர். எந்த வேலைக்கு எது வேண்டும் என்று கேட்பதே சிறந்த தேர்வின் முதற்படி.

எதிரிக் காய்க்கு 3 கட்டம் முன்னே நின்றால், முதல் உருட்டலிலேயே வெட்டுப்படும் வாய்ப்பு 4/16. 6 கட்டம் முன்னே நின்றால் 1/16. தொடர் உருட்டல்களையும் சேர்த்தால் இந்த வாய்ப்புகள் எவ்வாறு மாறும்? நீங்களே கணக்கிடுங்கள். பிறகு 160 முறை உருட்டிக் குறித்து வையுங்கள். தாயம் 20-க்கு அருகில் வருகிறதா? வெகுவாக விலகினால், கட்டையின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்!