மேல்நிலைக் கல்வியில் பாடத்தேர்வும் மதிப்பீடும்

நம் நாட்டின் கல்வி அமைப்பில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகள் ஒரு சந்திப்பு நிலையம் போன்றவை. அதுவரை எல்லா மாணவரும் ஏறத்தாழ ஒரே பாதையில் பயணம் செய்கின்றனர். அதன் பிறகு பாதைகள் பிரிகின்றன. எந்தப் பாதையில் செல்வது என்பதைப் பதினைந்து, பதினாறு வயதில் முடிவு செய்ய வேண்டியுள்ளது. அம்முடிவுக்கு அடிப்படையாக அமைபவை இரண்டு: ஒன்று, பள்ளி அளிக்கும் பாடங்கள்; மற்றொன்று, மாணவர் பெறும் மதிப்பெண்கள். இவ்விரண்டும் எவ்வாறு உருவாகின்றன, அவற்றின் குறைநிறைகள் யாவை என்பதை மாணவரும் கல்வி நிர்வாகத்தில் ஈடுபட்டோரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வரலாற்றுப் பின்னணி

விடுதலைக்குப் பின் இடைநிலைக் கல்வியை முழுமையாக ஆராய்ந்த முதல் குழு, டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு ஆகும். எல்லா மாணவரும் ஒரே வகைப் பாடங்களைப் படித்துப் பல்கலைக்கழகத்தின் வாயிலில் காத்து நிற்பதை இக்குழு ஏற்கவில்லை. மானிடவியல் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகவியல், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை வகுத்து, அவற்றுள் பலவற்றை ஒரே இடத்தில் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளைத் தொடங்குமாறு பரிந்துரைத்தது. புறத்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், பள்ளியில் வைக்கப்படும் தொடர் பதிவேடுகளுக்கு மதிப்பளித்தல், எண் மதிப்பெண்களுக்கு மாறாகக் குறியீட்டு முறையில் தரப்படுத்துதல் ஆகியனவும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். இன்று புதுமை எனப் பேசப்படுவன பலவும் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கூறப்பட்டவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1964-66-இல் பணியாற்றிய கோத்தாரி குழு, பத்தாண்டுப் பொதுக்கல்வி, இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்னும் அமைப்பை வலியுறுத்தியது. 1978-இல் டாக்டர் மால்கம் ஆதிசேஷய்யா தலைமையிலான குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழிலுடன் இணைப்பது குறித்து அறிக்கை அளித்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 10 விழுக்காட்டினர் 1990-க்குள்ளும், 25 விழுக்காட்டினர் 1995-க்குள்ளும் தொழிற்பாடங்களில் சேர வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 1992-இல் கொள்கை திருத்தப்பட்டபோது இதே இலக்குகளுக்கான ஆண்டுகள் முறையே 1995 என்றும் 2000 என்றும் தள்ளி வைக்கப்பட்டன. இலக்கு மாறவில்லை, காலம் மட்டுமே மாறியது. நோக்கத்தில் பிழை இல்லாதபோதும் செயலாக்கத்தில் தடை ஏற்பட்டதன் காரணத்தை நாம் பள்ளியின் கால அட்டவணையில்தான் தேட வேண்டும்.

கால அட்டவணையின் பொருளியல்

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒவ்வொரு பிரிவு உள்ளதாகக் கொள்வோம். ஒரு பாடத்திற்கு வாரம் 8 பாடவேளைகள் ஒதுக்கப்படுகின்றன. எனவே, இரு வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரு பாடத்திற்கு 16 பாடவேளைகள் தேவை. ஓர் ஆசிரியர் வாரத்தில் 30 பாடவேளைகள் கற்பிக்கக்கூடும் என்று கொள்வோம்.

இப்பள்ளி பத்து விருப்பப் பாடங்களை அளிக்க முன்வந்தால், மொத்தத் தேவை 160 பாடவேளைகள் ஆகும். இதனை 30-ஆல் வகுத்தால் ஆறு ஆசிரியர்கள் போதும் என்று தோன்றும். ஆனால் இயற்பியல் ஆசிரியர் கணக்குப் பதிவியலைக் கற்பிக்க இயலாது. வரலாற்று ஆசிரியர் வேதியியலைக் கற்பிக்க இயலாது. ஆகவே பத்து ஆசிரியர்கள் தேவைப்படுகின்றனர். ஒவ்வொருவருடைய பணிநேரத்திலும் ஏறத்தாழப் பாதி பயன்படாமல் நிற்கும். அல்லது கீழ் வகுப்புகளுக்குத் திருப்பிவிடப்படும். பொருளியலில் 'பகுக்கவியலாக் காரணிகள்' என்று கூறுவது இதனையே. சிறிய பள்ளிகள் ஒன்றிரண்டு பிரிவுகளுடன் நின்றுவிடுவதற்குத் தலைமையாசிரியரின் மனப்பான்மை காரணமன்று, இக்கணக்கே காரணம்.

பல்நோக்குப் பள்ளிகள் எதிர்பார்த்த பயனைத் தராமற் போனதற்கும் இதுவே முக்கிய காரணங்களுள் ஒன்று. அவற்றுக்குரிய ஆசிரியர்களை உருவாக்கவே அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. எனினும் பட்டறை, கருவிகள், தனித்திறன் பெற்ற ஆசிரியர் ஆகியவற்றுக்கான செலவு, ஒரு பாடத்தில் சேரும் சில மாணவர்மீதே சுமந்தது.

இதற்கு மாற்று வழியைக் கோத்தாரி குழுவே காட்டியுள்ளது. அருகருகே உள்ள பள்ளிகளை ஒரு தொகுப்பாக இணைத்து, ஆசிரியரையும் ஆய்வுக்கூடத்தையும் பகிர்ந்துகொள்ளும் 'பள்ளி வளாகம்' என்னும் கருத்து அது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதற்கு மீண்டும் உயிரூட்டியுள்ளது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், இரு பள்ளிகள் ஓர் இயற்பியல் ஆசிரியரைப் பகிர்ந்துகொண்டால் தேவை 32 பாடவேளைகளாக, அதாவது அவருடைய வரம்பைச் சற்றே மிஞ்சுவதாக அமைந்து, அவருடைய முழுப் பணிநேரமும் பயன்படும். ஆயின் இரு பள்ளிகளின் கால அட்டவணைகளும் ஒன்றையொன்று நோக்கி அமைக்கப்பட வேண்டும். ஆசிரியரின் பயணப் படியும் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். இத்தகைய சிறு ஏற்பாடுகள் இன்றேல் பெருங்கொள்கைகள் ஏட்டளவில் நின்றுவிடும்.

தேர்ச்சி விதிகள் கூறுவன

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விதிகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பத்தாம் வகுப்பில் முதன்மைப் பாடங்களுக்குப் புறத்தேர்வு 80 மதிப்பெண், பள்ளியின் அகமதிப்பீடு 20 மதிப்பெண். இரண்டும் சேர்ந்து 33 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. எனவே அகமதிப்பீட்டில் முழுமையாக 20 பெற்ற மாணவர், எழுத்துத் தேர்வில் 80-க்கு 13 பெற்றாலே தேர்ச்சி அடைவார்.

பன்னிரண்டாம் வகுப்பில் நிலைமை வேறு. எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 33 விழுக்காடு பெற வேண்டும். இயற்பியலில் செய்முறைக்கு 30-க்கு 30-உம், எழுத்துத் தேர்வில் 70-க்கு 20-உம் பெற்ற மாணவரின் கூட்டுத்தொகை 50. எனினும் எழுத்துத் தேர்வில் அவர் பெற்றது 29 விழுக்காட்டிற்கும் குறைவாதலால் அவர் தேர்ச்சி பெறார். பத்தாம் வகுப்பின் விதிக்குப் பழகிய மாணவர் பலர் இவ்வேறுபாட்டை அறியாமலே மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைக்கின்றனர். பதினோராம் வகுப்பின் முதல் வாரத்திலேயே ஆசிரியர் இதனை விளக்கிவிடுவது நன்று.

மதிப்பெண்ணா, தரநிலையா?

மதிப்பெண் என்பது ஓர் அளவீடு. எல்லா அளவீடுகளிலும் பிழை உண்டு. ஒரே விடைத்தாளை வெவ்வேறு திருத்துநர்கள் வெவ்வேறாக மதிப்பிடுவதை ஹார்ட்டாக், ரோட்ஸ் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் 1935-இலேயே வெளிப்படுத்தினர். அவ்வாறாயின் 78 பெற்றவர் 77 பெற்றவரைவிடத் திறமை மிக்கவர் என்று துணிந்து கூற இயலாது. இதனாலேயே தரநிலை முறை பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் தரநிலைக்கும் தனக்கே உரிய குறை ஒன்று உண்டு.

மத்திய வாரியம் 2009-10-இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. 91 முதல் 100 வரை 10 தரப்புள்ளி. 81 முதல் 90 வரை 9. 71 முதல் 80 வரை 8 என அளவுகோல் அமைந்தது. ஐந்து பாடங்களின் தரப்புள்ளிச் சராசரியை 9.5-ஆல் பெருக்கினால் உத்தேச விழுக்காடு கிடைக்கும் எனவும் கூறப்பட்டது. இப்போது இரு மாணவிகளை ஒப்பிடுவோம்.

முதல் மாணவியின் மதிப்பெண்கள்: 91, 81, 71, 91, 81. கூட்டுத்தொகை 415, சராசரி 83. அவருடைய தரப்புள்ளிகள் 10, 9, 8, 10, 9, சராசரி 9.2, உத்தேச விழுக்காடு 87.4.

இரண்டாம் மாணவியின் மதிப்பெண்கள்: 90, 80, 90, 80, 90. கூட்டுத்தொகை 430, சராசரி 86. அவருடைய தரப்புள்ளிகள் 9, 8, 9, 8, 9, சராசரி 8.6, உத்தேச விழுக்காடு 81.7.

மூன்று விழுக்காடு முன்னிற்க வேண்டியவர், ஏறத்தாழ ஆறு விழுக்காடு பின்தங்கிவிட்டார். தரநிலை என்பது பரும்படியாக வகைப்படுத்தும் கருவி. அதனை மீண்டும் விழுக்காடாக மாற்றித் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே தவறு. சேர்க்கை நடத்தும் நிறுவனங்கள் எண்ணைக் கோரின. ஆகவே தரநிலை எண்ணாக மாற்றப்பட்டது. மதிப்பீட்டு முறையை மாற்றி, சேர்க்கை முறையை மாற்றாமல் விட்டால் நேரும் விளைவு இதுவே. 2018-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் பத்தாம் வகுப்புப் புறத்தேர்வு மீண்டும் கட்டாயமாக்கப்பட்டு, இம்முறை கைவிடப்பட்டது.

வாரியம் வழங்கும் இடநிலைத் தரம் மற்றொரு வகையைச் சேர்ந்தது. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்ற அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, எட்டுச் சம பகுதிகளாகப் பிரித்து, முதற்பகுதிக்கு ஏ-1 முதல் இறுதிப் பகுதிக்கு டி-2 வரை தரம் அளிக்கப்படுகிறது. பலரும் மிக உயர்ந்த மதிப்பெண் பெறும் பாடத்தில் 90 பெற்றவரும் இடைப்பட்ட தரத்தையே பெறக்கூடும். எனவே சான்றிதழில் உள்ள தரம், மாணவர் எவ்வளவு கற்றார் என்பதைக் காட்டாது. பிறரோடு ஒப்பிடுகையில் எங்கு நிற்கிறார் என்பதையே காட்டும்.

மதிப்பெண்ணின் வீக்கம்

பணம் மிகுந்தால் அதன் மதிப்புக் குறைவது போலவே, உயர்ந்த மதிப்பெண்கள் மிகுந்தாலும் அவற்றின் மதிப்புக் குறைகிறது. கல்வி 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு வந்ததாயினும், மாநிலந்தோறும் தனித் தேர்வு வாரியங்கள் இயங்குகின்றன. தன் மாணவர் பின்தங்கலாகாது என ஒரு வாரியம் தாராளம் காட்டினால், மற்ற வாரியங்களும் அவ்வாறே செய்ய நேர்கிறது. 2011-இல் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் சில மாணவருக்கான தகுதி வரம்பு நூறு விழுக்காட்டையே எட்டியது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு நடத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நுழைவுத் தேர்வு ஒன்றே சேர்க்கையைத் தீர்மானிக்குமானால், பள்ளிப் பாடம் புறக்கணிக்கப்பட்டுப் பயிற்சி நிலையங்கள் பெருகும் என்பதையும் மறத்தலாகாது.

புதிய ஏற்பாடுகள்

2020-ஆம் ஆண்டின் கொள்கை, கலை, அறிவியல், தொழிற்கல்வி என்னும் இறுகிய பிரிவினைகளைத் தளர்த்த முற்படுகிறது. 2023-இல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, மேல்நிலை வகுப்புகளில் இரு மொழிகளுடன், வெவ்வேறு தொகுதிகளிலிருந்து நான்கு பாடங்களைத் தேர்ந்தெடுக்க வழி கூறுகிறது. அதே ஆண்டில் வெளியான தேசியக் கற்றல் மதிப்பலகுக் கட்டமைப்பின்படி, ஓராண்டின் 1,200 கற்றல் மணிகள் 40 மதிப்பலகுகளுக்கு, அதாவது 30 மணிகள் ஒரு மதிப்பலகுக்கு இணையாகும். பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரு தேர்வுகள் நடத்தப்படும் என்றும், இரண்டாம் தேர்வில் மாணவர் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம் என்றும் மத்திய வாரியம் 2025-இல் அறிவித்தது.

இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் விருப்பப்படி பாடம் தேர்ந்தெடுக்கும் உரிமை, அப்பாடத்தை அளிக்கும் பள்ளி அருகில் இருந்தால்தான் பொருளுடையதாகும். இதனை இக்கட்டுரையாசிரியர் தம் இல்லத்திலேயே கண்டார். மாற்றலுக்குரிய பணியின் காரணமாக, பதினோராம் வகுப்பின் இடையில் அவருடைய மகள் வேறொரு மாநிலத்தின் பள்ளிக்கு மாற நேர்ந்தது. பொருளியலுடன் கணிதம் சேர்ந்த பிரிவு அங்கு இல்லை. "இருக்கும் பிரிவில் சேருங்கள், அல்லது வேறு பள்ளி பாருங்கள்" என்பதே விடை. ஆண்டின் நடுவில் வேறு பள்ளி ஏது? மகள் கணிதத்தை விட்டார். பட்டப்படிப்பில் பொருளியல் பயில வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவர் நாடிய கல்லூரிகள் கணிதத்தைக் கட்டாயத் தகுதியாகக் கொண்டிருந்தன. பொருளியல் பயின்ற தந்தை அதனை முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும், விசாரிக்கவில்லை. விவரம் அறிந்த குடும்பத்திலேயே இவ்வாறாயின், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் மாணவரின் நிலை என்ன?

செய்யத்தக்கன

மாணவர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பாடத்தைத் தேர்ந்தெடுக்குமுன், தாம் நாடும் மேற்படிப்பு எந்தப் பாடத்தைக் கட்டாயமாகக் கோருகிறது என்பதைக் கேட்டறிதல். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல். இரண்டாவது, ஐயமுள்ளபோது வாயில்களை மூடாத பாடத்தைத் தேர்ந்தெடுத்தல். கணிதத்தைப் பின்னர் விடுவது எளிது, விட்டதை மீண்டும் பற்றுவது அரிது. மூன்றாவது, தம் வாரியத்தின் தேர்ச்சி விதிகளைத் தாமே படித்தறிதல்.

நிர்வாகத்தினர் கவனிக்க வேண்டியவையும் மூன்று. வட்டாரந்தோறும் எந்தப் பாடம் எந்தப் பள்ளியில் கிடைக்கிறது என்னும் பட்டியலைத் தயாரித்து, பத்தாம் வகுப்பு மாணவருக்குத் தேர்வுக்கு முன்பே வழங்குதல் முதற்பணி. பள்ளிகளிடையே ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வதற்குரிய கால அட்டவணையையும் நிதியையும் ஒழுங்குசெய்தல் இரண்டாவது. இடையில் மாற்றலாகி வரும் மாணவருக்கு விட்டுப்போன பாடத்தைத் தனியே பயின்று தேர்வெழுத வழி செய்தல் மூன்றாவது.

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாவதற்கும் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடையே சில வாரங்களே உள்ளன. அக்குறுகிய காலத்தில் பள்ளி அலுவலகத்தில் நிரப்பப்படும் ஒரு தாள், ஓர் இளைஞரின் வாழ்க்கைப் போக்கைப் பெரிதும் வரையறுத்துவிடுகிறது. அத்தாளை நீட்டும் முன் அவருடன் அரைமணி நேரம் அமர்ந்து பேச ஓர் ஆசிரியரையேனும் ஒவ்வொரு பள்ளியும் நியமிக்குமாயின், அதற்காகும் செலவு மிகச் சிறிது. அதனால் விளையும் பயனோ மிகப் பெரிது.