மாதுளை முத்துப்போல ஒரு காயம்

கேள்வி: ஐயாவுக்குச் சலரோகம். மீன்பிடிக் களங்கண்டி பார்க்க இறங்கியபோது காலில் சிப்பி வெட்டியது. இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. கிருமியின் நஞ்சு புது இரத்தக்குழாய்களை வளரவிடாது என்று மருந்து கட்டுகிற தாதி சொன்னார். கிருமியே இரத்தக்குழாயை வளர்க்கும் என்று நான் வாசித்திருக்கிறேன். எது சரி?
– வாசகி, ஊர்காவற்றுறை

பதில்: இரண்டும் சரி.

கட்டை அவிழ்க்கும்போது காயத்தின் அடியைப் பாருங்கள். மாதுளை முத்துப்போல மணிமணியாகச் சிவந்திருந்தால் அது நல்ல சதை. புதிதாக முளைத்த நுண்குழாய்கள்தான் அந்த மணிகள். தொட்டதும் இரத்தம் கசிவது அதனால்தான். பழுதென்று நினைத்து உரஞ்சிவிடாதீர்கள்! ஒட்சிசன் குறைந்த இடத்துக் கலங்கள் வி.ஈ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரக்க, பக்கத்துக் குழாய் அதை நோக்கிக் கிளைவிடும். சலரோகத்தில் இந்த வேலை ஏற்கெனவே மந்தம்.

அதற்குமேல், காயங்களில் அடிக்கடி குடியேறும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா அல்பா நஞ்சை விடுகிறது. அதன் 7 மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து கலத்தின் மென்சவ்வில் துளை போடும். நம் கலத்திலுள்ள நொதி ஒன்றையே தூண்டி, குழாயின் உட்சுவர்க் கலங்களைப் பிணைத்திருக்கும் புரதத்தை வெட்டவும் வைக்கும். தளிர்க்குழாய் நிலைக்குமுன் சுவர் கழன்றுவிடும். தாதி சொன்னது இதைத்தான்.

நீங்கள் வாசித்தது பார்ட்டனெல்லா என்ற பற்றீரியாவைப் பற்றியிருக்கலாம். அதில் ஒருவகை பூனைகளிடையே தெள்ளினால் பரவுவது. எதிர்ப்புச்சக்தி மிகக் குன்றியவர்களின் தோலில் அது இரத்தக்குழாய்க் கட்டிகளை எழுப்பும். கலங்களை ஒட்சிசன் இல்லாததுபோல நடக்கச்செய்து அதே வி.ஈ.ஜி.எஃப்பைச் சுரக்கவைக்கும். பெருவில் இதன் இனக்கிருமி எழுப்பிய மருவின் இரத்தத்தை 1885இல் டானியல் கரியோன் என்ற மருத்துவ மாணவர் தன் கையில் ஏற்றிக்கொண்டார். சில வாரங்களில் இறந்தார். அந்த மருவும் அவ்வூர்க் கொடுங்காய்ச்சலும் ஒரே நோய் என்பது அவர் உயிரால் தெரியவந்தது. அப்படி வளரும் குழாய்கள் கிருமிக்குக் குடியிருப்பு. காயத்தை ஆற்ற உதவா.

ஐயாவின் காயத்தில் கோப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பவேண்டாம். சீனி கட்டுப்பாட்டில் இருக்கட்டும். அந்தக் காலை ஊன்றாமலிருக்கட்டும். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று வைத்தியரைக் கேளுங்கள். பெரிய குழாய் அடைபட்டிருந்தால் சின்னக் குழாய் முளைத்தும் பயனில்லை. சதை வெளிறினால், கறுத்தால், நாறினால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

உங்களுக்கு யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இதே காயத்தோடு இருப்பவர்கள் குறிகாட்டுவானுக்குப் படகேற வேண்டும். அவர்கள் காய்ச்சல் வரட்டும் என்று காத்திராமல், காயத்தைச் சுற்றிச் சிவப்புப் படரத் தொடங்கிய அன்றே, கடைசிப் படகுக்கு முன் புறப்பட்டுவிட வேண்டும்.