சூழொலியும் ரிசீவர் தேர்வும்

கண்ணாற் காணும் உலகம் நம் முன்னே மட்டும் விரிவது. செவியாற் கேட்கும் உலகமோ நாற்புறமும் சூழ்ந்து நிற்பது. பின்னே வரும் வண்டியைத் திரும்பிப் பாராமலே அறிந்து விலகுகின்றோம் அன்றோ? செவிக்கு இயல்பாயமைந்த இவ்வாற்றலைத் திரைக்காட்சிக்குத் துணையாக்க அறிஞர் முயன்றதன் பயனே சூழொலியாம். அதனை இல்லத்தில் எழுப்பும் கருவியை ரிசீவர் என்ப. அஃது இந்நாளிற் பலவகையாய்க் கடைகளில் மலிந்து கிடத்தலின், அதனைத் தேருமாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

சூழொலியின் வரலாறு நெடிது. 1931இல் ஆலன் பிளம்லின் என்னும் ஆங்கிலப் பொறிஞர் ஈரொலி முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1940இல் வால்ட் டிஸ்னியின் ஃபாண்டேசியா என்னும் படம் கேட்போரைச் சூழ ஒலித்தது. 1992இல் டால்பி டிஜிட்டலும், 1993இல் டி.டி.எஸ். முறையும் திரையரங்கு புகுந்தன. 2012இல் டால்பி அட்மாஸ் தோன்றி, 2014இல் இல்லங்களுக்கும் வந்தெய்தியது.

இனிக் குறியீடுகளின் பொருளைக் காண்பாம். 5.1 என்பதில் ஐந்து என்பது முன்புறத்து இடம், நடு, வலம் என்னும் மூன்றும், கேட்போரின் இருபக்கத்து இரண்டுமாகிய ஒலிவழிகளைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்னின்ற ஒன்று, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழொலிக்கே உரிய தனிவழி. 5.1.2 எனின், இறுதியிலுள்ள இரண்டும் தலைக்குமேல் ஒலிப்பன. முன்னை முறைகளில் ஒவ்வோர் ஒலியும் இன்ன வழிக்கென்றே பதிக்கப்பட்டது. அட்மாஸிலும், 2015இல் வந்த டி.டி.எஸ். எக்ஸிலுமோ, ஒலிகள் தாம் நிற்கவேண்டிய இடத்தின் குறிப்போடு வருதல் கூடும். அவ்விடத்தை நம் அறையிலுள்ள ஸ்பீக்கர்களைக் கொண்டு கணித்தமைப்பது ரிசீவரின் கடமையாம்.

ரிசீவரின் தொழில் மூன்று: வரும் ஒலிக்குறிகளை ஏற்றல், அவற்றை விரித்துப் பிரித்தல், பிரித்தவற்றை ஸ்பீக்கர்களை இயக்குமளவு பெருக்கல். முன்னைய இரண்டிற்கும், நாம் எவ்வழியாகப் படம் பார்க்கின்றோம் என்பதே அளவுகோல். ப்ளூரே தட்டுகளில் வரும் டால்பி ட்ரூ எச்.டி.யும், டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோவும் இழப்பற்றவை. அவை பழைய ஆப்டிகல் கம்பி வழியே செல்லா, எச்.டி.எம்.ஐ. வழியே செல்லும். இணையவழிப் படங்களிலோ அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்னும் சுருக்கிய முறையில் வருகின்றது. தொலைக்காட்சி இடங்கொடுப்பின், அதனை ரிசீவருக்குத் திருப்பியனுப்ப ஆர்க் என்னும் எளிய இணைப்பே போதும். தட்டியக்கும் கருவியைத் தொலைக்காட்சியில் இணைத்து இழப்பற்ற ஒலியை வேண்டுவார்க்கே ஈ-ஆர்க் இன்றியமையாதது. நேரே ரிசீவரில் இணைப்பார்க்கு அஃது அத்துணை வேண்டப்படுவதன்று.

மூன்றாவதாகிய பெருக்கலிற்றான் மக்கள் பெரிதும் மயங்குவர். 50 வாட்டினும் 100 வாட்டு இருமடங்கு உரத்தொலிக்கும் என்பது பிழை. ஆற்றல் இருமடங்காயின் ஒலி 3 டெசிபெலே உயரும்; செவிக்கு இருமடங்காய்த் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அஃதாவது பதின்மடங்கு ஆற்றல், வேண்டும். அன்றியும், விளம்பரத்திற் கூறும் வாட்டு பலகால் இரண்டு வழிகளை மட்டும் இயக்கி அளந்தது. எல்லாம் ஒருங்கே இயங்குங்கால் அது குறையும். ஆகவே எத்தனை வழிகளை இயக்கி, எத்தனை ஓம் தடையில் அளந்தனர் என வினவிய பின்னரே விலை பேசுக.

எம் உறவினர் ஒருவர், கடைக்காரர் சொல்லை நம்பி, ஒன்பது வழிகளையுடைய ரிசீவரொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார். எஞ்சிய சிறுதொகைக்கு எளிய ஸ்பீக்கர்களே கிடைத்தன. நடு ஸ்பீக்கரை அலமாரியின் கீழ்த்தட்டிற் செருகி வைத்தார். அன்றிரவு இடி முழங்கிற்று. மழை கூரைமேற் பெய்தது. பேச்சு மட்டும் விளங்கவில்லை. செவி சற்று மந்தமுற்ற எம் பாட்டியார், "யார் என்ன சொல்கிறார்கள்?" என்று இருமுறை வினவிப் பின் எழுந்து தம் அறைக்குச் சென்றுவிட்டார். திரைப்படத்தின் பேச்சிற் பெரும்பகுதி நடுவழியிலேயே வருவதென்பதை யாங்கள் பின்னரே அறிந்தோம். அந்த ஸ்பீக்கரை வெளிக்கொணர்ந்து செவியின் உயரத்திற்கு ஏற்றினோம். ரிசீவரோடு வந்த சிறு மைக்கை இருக்கையில் வைத்துத் தூரமும் ஒலியளவும் திருத்தினோம். ஒலி ஓரடி கடக்கச் சற்றேறக்குறைய ஆயிரத்திலொரு நொடி செல்லுமாதலின், தூரவேறுபாட்டைக் கருவி அறிந்து ஈடுசெய்தல் வேண்டும். மறுநாள் பாட்டியார் படம் முடியுங்காறும் அமர்ந்திருந்தார். தலைக்குமேல் ஒலிக்கவேண்டிய வழிகள் இன்றும் வெறிதே கிடக்கின்றன.

கோபுரம் கட்ட எண்ணுவோன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டும் என்பது ஆண்டவர் அருளிய உவமை. அவ்வாறே, முதலில் அறையின் அளவையும், அடுத்து அதற்கேற்ற ஸ்பீக்கர்களையும், அவற்றின்பின் அவற்றை இயக்கவல்ல ரிசீவரையும் எண்ணுதல் முறை. சிற்றறைக்கு நல்ல 5.1 அமைப்பே பெரிதும் போதியதாம். வழிகளின் தொகை பெருமையன்று. அறையில் அமர்ந்த ஒவ்வொருவர்க்கும் சொல் தெளிவாகச் சென்று சேர்தலே பெருமை என்க.