தாழம்பூ சாட்சி

திருவண்ணாமலை
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் நோட்டு வந்து பத்து நாள் ஆகிறது. பதினாறு பக்கம், பதினாறு சுருட்டு. வாங்கிய இடம், பற்றவைத்த நேரம், எரிந்த நிமிடம் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில், "ஐயா, சரியாகப் பிடிக்கிறேனா, சரியாக எழுதுகிறேனா?" என்று கேட்டிருந்தாய். முதல் கேள்விக்குக் கடிதத்தின் கடைசியில் வருகிறேன். இரண்டாவதை இப்போதே எடுத்துக்கொள்கிறேன்.

ஏழாம் பக்கம், உறையூர்ச் சுருட்டு. "தொடக்கத்தில் சீடர் மரம், நடுவில் கோகோ, அடியில் லெதர்" என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்துத் திண்டுக்கல் சுருட்டுக்கும் இதே மூன்று சொல். யாரோ கொண்டுவந்து கொடுத்த கியூபாச் சுருட்டுக்கும் பதினோராம் பக்கத்தில் இதே மூன்று சொல். மூன்று மண்ணில் விளைந்த இலை. மூன்று விதமாகப் பாடம் செய்தது. மூன்று கை சுற்றியது. மூன்றும் உன் வாயில் ஒரே பேச்சா பேசின?

சீடர் மரத்தடியில் நீ நின்றிருக்கிறாயா? நான் நின்றதில்லை. ஆனால் உன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மரப்பட்டறை இருக்கிறது. தேக்குத் தூள் என்ன மணக்கும், வேப்பம் பலகை என்ன மணக்கும், புளிய மரத்தை அறுக்கும்போது என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே உனக்குத் தெரியும். லெதர் என்கிறாய். எந்தத் தோல்? ஆம்பூர்ப் பக்கம் பஸ் போகும்போது ஜன்னலை மூட வைக்கிற தோலா? டப்பாவிலிருந்து எடுத்த புதுச் செருப்பா? பறையடிக்கிற இடத்தில் நெருப்பு மூட்டிக் காய்ச்சுகிறார்களே, அந்தப் பறைத் தோலா? இந்த மூன்றில் ஒன்றை எழுதியிருந்தால் நான் உடனே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன். லெதர் என்ற சொல்லோடு நீ மட்டும் தனியாக இருக்கிறாய். சொல்லப்போனால் நீகூட அங்கே இல்லை.

நம் ஊர்த் தலக் கதை உனக்குத் தெரிந்ததுதான். சிவனின் அடிமுடி தேடிய கதை. திருமால் பன்றியாகி மண்ணைக் குடைந்து போனார். முடியவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். பிரமன் அன்னமாகி மேலே பறந்தார். முடியைக் காணவில்லை, வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைக் கண்டார். முடியைப் பார்த்துவிட்டேன், இந்தப் பூவே சாட்சி என்றார். பிரமனுக்குக் கோயில் இல்லாமல் போனதும் தாழம்பூ சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டதும் அதனால்தான். அவ்வளவு மணமுள்ள பூ! மணம் அதைக் காப்பாற்றவில்லை.

இதே மூவரை வைத்துப் புகையிலைக்கும் ஒரு கதை இருக்கிறது. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடு தூது என்று ஒரு சிற்றிலக்கியம். பழனி முருகனிடம் காதலி ஒருத்தி புகையிலையைத் தூது அனுப்புகிறாள். உ.வே.சா. பதிப்பித்த நூல், தேடிப் படி. அதில் வருகிற கதைப்படி மூவருக்கும் ஆளுக்கொரு இலை கொடுத்து வைக்கிறார்கள். பிறகு கேட்கும்போது சிவனுடைய வில்வத்தைக் கங்கை கொண்டுபோயிருந்தது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிருந்தது. பிரமன் தன் இலையைக் கலைமகளின் நாவில் வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். அது மட்டும் போகையிலை, அதாவது போகவில்லை. அந்தச் சொல்தான் புகையிலை ஆனது என்று புலவர் விளையாடுகிறார். அண்ணாமலையில் காணாததைக் கண்டேன் என்று சொல்லித் தோற்றவர், இந்தக் கதையில் கையிலிருக்கும் இலையைக் காட்டி ஜெயிக்கிறார். இந்த இரண்டு கதையையும் சேர்த்து வைத்துத்தான் என் குறிப்புகளை நான் திருத்திக்கொண்டேன். அதற்கு முன்னால் நானும் தாழம்பூதான்.

முப்பது வருடத்துக்கு முன்னால், ஒரு சிற்றிதழில் ஹவானாச் சுருட்டு பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பாதியிலேயே தலை சுற்றியது, அணைத்துவிட்டேன். ஆனால் கடைசி மூன்றில் ஒரு பங்கு எப்படி இருந்தது என்று விரிவாக எழுதினேன். யாரோ எழுதியதைப் படித்த ஞாபகத்தில் ஜாதிக்காய் என்றும் எழுதிவிட்டேன். உறையூரில் சுருட்டுச் சுற்றுகிற குடும்பத்தில் பிறந்த ஒரு நண்பர், மின்வாரிய வேலைக்காக இங்கே வந்து தங்கியவர், அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். "கடைசித் துண்டை வச்சிருக்கியா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பாதிச் சுருட்டு முழுசாக இருந்தது. அதையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்த மௌனத்தில் நான் கற்றதை வேறு யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் மாடிக் கூட்டம் ஒழுங்குக்கு வந்தது. பௌர்ணமி கழிந்து கிரிவலக் கூட்டம் வடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பேர். வீட்டு மாடியில் மட்டும். மலை சுற்றும் பாதையில் ஒருநாளும் பற்றவைத்ததில்லை. நண்பர் ஒரு விதி வைத்தார். சுருட்டு அணைகிறவரை யாரும் வாய் திறக்கக்கூடாது. அவரவர் தாளில் எழுதி மடித்து வைக்கவேண்டும், பிறகுதான் படிக்கவேண்டும். முன்பெல்லாம் முதலில் பேசுகிறவர் ஏலக்காய் என்றால் போதும், ஐந்து மூக்கிலும் ஏலக்காய் வந்துவிடும். எழுதி மடித்த பிறகு பார்த்தால் ஐந்து தாளில் ஐந்து விஷயம். எங்கேயாவது இரண்டு தாளில் ஒரே சொல் வந்துவிட்டால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா.

உன் குறிப்புகளில் நாள் இருக்கிறது, மாதத்தின் குணம் இல்லை. நம் ஊரில் சித்திரை வெயிலில் சுருட்டு காய்ந்து கிடக்கும். சரசரவென்று எரியும், புகை சூடாக வரும், நாக்கைச் சுடும். கார்த்திகை மழையில் அதே கட்டுச் சுருட்டு ஈரம் குடித்து நாலு தடவை அணையும். நீ சுருட்டின் குற்றம் என்று எழுதியிருக்கும் இரண்டு பக்கமும் வானத்தின் குற்றம். பற்றவைத்தது தீக்குச்சியா லைட்டரா என்றும் குறித்து வை. தீக்குச்சி என்றால் அதன் தலை முழுக்க எரிந்து முடிகிறவரை பொறு. இல்லாவிட்டால் நீ முதலில் சுவைப்பது கந்தகத்தை. அதற்கு முன் என்ன சாப்பிட்டாய் என்பதும் வேண்டும். வத்தக்குழம்பு சாப்பிட்ட வாய்க்கு அரை மணி நேரத்துக்கு எந்த இலையும் தன் பேச்சைப் பேசாது.

சாம்பலைப் பார். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வருகிற 1887ஆம் வருடக் கதையிலேயே, கொலை நடந்த அறையில் உதிர்ந்து கிடந்த சாம்பலின் கறுப்பையும் செதில் செதிலான தன்மையையும் பார்த்துத் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதியவருக்கு உறையூர்ச் சாம்பலின் நிறம் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் செரூட் என்று வழங்குகிற சொல்லே நம் சுருட்டுதான். உன் பதினாறு பக்கத்தில் சாம்பல் ஒரு இடத்தில்கூட இல்லை. எரியும் இலை மண்ணைக் காட்டிக்கொடுக்கும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த நிலத்து இலையில் குளோரைடு ஏறிவிடும். அந்த இலை கங்கு பிடித்து நிற்காது, கறுத்துக் கறுத்து அணையும். மெல்லுகிற புகையிலைக்கு அது பெரிய குறையில்லை, சுருட்டுக்குக் குறை. பாடம் முற்றாத இலை என்றால் மாட்டுக்கொட்டகை மூத்திர நெடி மூக்கில் ஏறும். அது அமோனியா. அம்பாரத்தில் இலை வெந்து புழுங்கும்போது வெளியே போகவேண்டியது, போகாமல் நின்றுவிட்டது. உன் ஒன்பதாம் பக்கத்தில் "காரமான, சிக்கலான மணம்" என்று ஒன்று இருக்கிறதே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

கடைசி மூன்றில் ஒரு பங்கு எப்போதும் கசக்கும். புகை மீதி இலை வழியாகவே வருகிறது. வரும்போதே அதில் பிசுபிசுப்பைப் படிய விட்டுக்கொண்டு வருகிறது. முடிவில் அந்தப் பிசுபிசுப்புத்தான் எரிகிறது. ஆனால் கசக்கிறது என்று ஒரே சொல்லில் முடிக்காதே. கைப்பு வேறு, துவர்ப்பு வேறு. பாகற்காய் ஒன்று, வாழைப்பூ ஒன்று. தொண்டையில் கருணைக்கிழங்கு பண்ணுகிறதே, அது காரல். நுனிநாக்கில் மிளகு பண்ணுவது உறைப்பு. இவ்வளவு சொல் வீட்டு அடுப்படியிலேயே கிடக்கும்போது எதற்குக் கடல் தாண்டிப் போகிறாய்? நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. கவனிப்பாரில்லாமல் விட்டோம், இன்றைக்கு அது சாக்கடைக்குப் போய்விட்டது.

மூக்கைப் பழக்குவதற்குச் சுருட்டே தேவையில்லை, தம்பி. ஆருத்ரா தரிசனத்துக்குப் பிறகு கோயிலில் தீப மை கொடுப்பார்களே, உன் அம்மாவிடம் கட்டாயம் ஒரு பொட்டலம் இருக்கும். இன்று இரவு பிரித்து முகர்ந்து பார். நான் போன வருடத்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். முதலில் பழைய நெய். அது அடங்கியதும் கருகிய பருத்தி. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வேட்டி தீய்ந்தால் வருமே, அது. எல்லாம் போன பிறகு ஈயச்சொம்பில் ஆறிப்போன ரசம் மாதிரி ஒரு உலோகப் புளிப்பு. அது மலைமேல் தீபம் எரிகிற கொப்பரையிலிருந்து வருகிறதா, என் விரலிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

விசிறி சாமியார் யோகி ராம்சுரத்குமாரைச் சன்னதித் தெரு வீட்டில் நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பனை விசிறி, கொட்டாங்குச்சி, விரலிடையில் சிகரெட். அந்தப் புகைக்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. பக்தர்களின் அனுபவம் அவர்களுடையது, அதில் நான் கைவைக்கமாட்டேன். என் மூக்குக்கு அன்று வந்தது சாதாரண சிகரெட் வாசனை. அதற்குப் பின்னால், திண்ணையில் யாரோ வைத்துவிட்டுப் போன வாழைப்பழம் கனிந்த வாசனை. நாற்பது வருடம் கழித்தும் அந்த மத்தியானம் அப்படியே இருக்கிறது. வேறு எதையாவது நான் சேர்த்திருந்தால் அது என்றைக்கோ கலைந்து போயிருக்கும்.

இனி உன் முதல் கேள்வி. சரியாகப் பிடிக்கிறேனா என்றாய். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் பயமில்லை என்று பதினான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. நிகோடினை வாயின் உள்தோலே உறிஞ்சிக்கொள்ளும். இழுக்காவிட்டாலும் வாயில் நின்ற புகை நின்றதுதான். நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், தொண்டை என்று அது வேலை செய்யும்.

அந்த உறையூர் நண்பருக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியது என்று ஐந்து மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு. உயிர் பிழைத்து வந்தார்; ருசி வரவில்லை. சோறும் ஈர மண்ணும் ஒன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் மாடிக்கு வந்தார். எங்கள் தாள்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒருநாள் அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து, கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கிறது என்று படித்தேன். "போன மாசமும் அதையேதான் படிச்சே. எனக்கு இப்ப உன் நாக்கு ஒண்ணுதான் இருக்கு, அதையும் கெடுக்காதே" என்றார். அப்புறம் கையை நீட்டிச் சாம்பலைக் கேட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு, "காம்பு உரிக்காம சுத்தியிருக்கான்" என்றார். சுருட்டைப் பிரித்துப் பார்த்தோம். நடு நரம்பு முழுசாக உள்ளே கிடந்தது.

அவர் போன மறுமாதம் நான் விட்டேன். நீயும் விடு என்பதுதான் என் ஆசை. இருபத்தாறு வயதில் ஒரு கடிதத்துக்காக யாரும் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். விடாத வரைக்கும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மறுநாள் காலையில் நாக்கு எப்படி இருந்தது என்று ஒரு வரி சேர். எரிச்சல் இருந்தால் எரிச்சல். இட்லியில் உப்பு தெரியவில்லை என்றால் அது. மணத்தை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிட்ட குறிப்பும் தாழம்பூ சாட்சிதான். நான் முப்பது வருடம் அந்த வரியை எழுதாமல் விட்டவன்.

ஏழாம் பக்கத்தைக் கிழிக்காதே, அப்படியே இருக்கட்டும். கார்த்திகைத் தீபத்தன்று நோட்டை எடுத்துக்கொண்டு என் மாடிக்கு வா. அன்றைக்கு யாரும் எதையும் பற்றவைப்பதில்லை. ஆறு மணிக்கு 2,668 அடி உயரத்தில் கொப்பரை பிடித்ததும் தெரு முழுக்க அரோகரா எழும். வீடுகளில் அகல் ஏற்றுவார்கள், எண்ணெயும் திரியும் மணக்கும். அதில் எது மலையிலிருந்து இறங்கி வருகிறது, எது பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து வருகிறது என்று பிரித்து எழுது. மலையிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் அதையும் எழுது. நான் பல வருடம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எழுதி மடித்து வை, பிறகு படிக்கலாம்.

அன்று பஸ் ஊருக்குள் வராது. வெளியே தற்காலிக நிலையத்தில் இறங்கி நடக்கவேண்டியிருக்கும், மூன்று மணிக்குள் வந்துவிடு.

அன்புடன்,
உன் ஐயா